ஆள் உட்கார்ந்த பிறகு முறுக்குவது

இந்தக் கதையைச் சொன்னவர் தூத்துக்குடியில் லாரி இருக்கைகள் தைத்துவந்த மீராசா சாயபு. கேட்டது 1997 தை மாதம், அவருடைய கடையில், பேருந்து இருக்கை ஒன்றுக்கு அவர் தேங்காய்நார் திணித்துக்கொண்டிருந்தபோது. நடந்ததாக அவர் சொன்ன காலம் அதற்குச் சில ஆண்டுகள் முந்தையது. கதையில் மீராசா என்று வருபவர் அவரேதான். ஆயினும் தம்மை ‘அந்த மீராசா’ என்றே குறிப்பிட்டார். வண்டித் தகடு தட்டி ஒட்டுகிற டிங்கர் சந்தியாகுவின் மனத்துக்குள் ஓடியதையெல்லாம் உள்ளிருந்து பார்த்தவர்போலச் சொன்னார். அது எப்படித் தெரியும் என்று கேட்டபோது, “அவன் கை நின்ன எடத்துலல்லாம் மனசும் நின்னிருக்கும்லா” என்றார். சொன்ன முறையை மாற்றவில்லை. மொழியை மட்டும் எழுத்துக்கு ஏற்பச் செப்பம் செய்திருக்கிறேன்.

ஈர்க்கு மறுபடியும் அதே இடத்தில் சிக்கியது. சந்தியாகு அதை உருவி, பற்களுக்கிடையே கவ்விக்கொண்டு, பின்னால் நகர்ந்து வண்டியைப் பார்த்தான். முன்பக்கம் உருண்டு திரண்ட பழைய பிக்கப். உப்பளத்துக்கும் துறைமுகத்துக்குமாக உப்பு மூட்டை சுமந்தே தரைத் தகடு அரித்துப்போய், ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றப்பட்டு, துருவெல்லாம் வெட்டியெறியப்பட்டு, புதுத் தகடு வைத்து ஒட்டப்பட்டு, சாம்பல் நிறப் பிரைமரோடு இப்போது திரும்பவும் ஒன்றாகிக்கொண்டிருந்தது. பானெட் உட்கார்ந்துவிட்டது. வலப்பக்கக் கதவு உட்கார்ந்துவிட்டது. இடப்பக்கக் கதவு மட்டும் முன் மட்கார்டோடு சேர மறுத்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து மேலே நெருங்கியும் கீழே விரிந்தும் நின்றது. தென்னை ஈர்க்கின் அடித்துண்டு ஒன்று மேலிருந்து கீழ்வரை சிக்காமலும் தொளதொளக்காமலும் ஓடினால் சந்து சரி; அவன் கை அறிந்த அளவுகோல் அதுதான். காலையிலிருந்து கீலைத் தளர்த்தினான், இறுக்கினான், கதவைத் தோளில் தாங்கித் தூக்கினான், உள்ளங்கையால் தட்டினான். ஈர்க்கு கீலுக்குச் சற்று மேலே வந்ததும் நின்றுவிடுகிறது. காரணம் தெரியாமலில்லை. காரணம் தெரிந்ததுதான் தொந்தரவு. கேபின் சேஸ் என்னும் அடிச்சட்டத்தின்மேல் நான்கு ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருப்பது. அதன் போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்வரை உள்ளேயுள்ள பாரத்துக்கு ஏற்ப அது சாயும், நெளியும். இந்த வண்டியின் வலப்பக்கம், ஓட்டுகிறவர் இடத்தில், ஆண்டுக்கணக்காக ஒரே ஆளின் பாரம்தான் இருந்திருக்கிறது. இரும்பு அந்தப் பாரத்துக்குப் பழகிவிட்டது. அவர் ஏறி உட்கார்ந்தால் கேபின் மட்டமாகும். இறங்கினால் வலப்பக்கம் எழும்பி, இடப்பக்கக் கதவு மட்கார்டைப் போய் நெருக்கும். அதற்காகவே இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் கேபின் போல்ட்டை முறுக்குவது. இந்த வண்டியை ஓட்டியவர் பெலவேந்திரம். பெலவேந்திரம் ஐப்பசியில் இறந்துபோனார்.

கேபினுக்குள் கித்தேரி உட்கார்ந்திருந்தாள். பெலவேந்திரத்தின் மனைவி; அவரை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிய சந்தியாகுவுக்கு மதினி. உள்ளே ஓர் ஆள் பாரம் வேண்டும் என்று காலையில் அவன் சொன்னவுடன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். அவனும் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டான். அவள் வேறெங்கே உட்காருவாள்? மணமாகி வந்த நாள்முதல் அந்த வண்டியில் அவள் இடம் அதுதான். பனிமய மாதா திருவிழாவுக்கு வந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இடப்பக்க ஜன்னலில் அவளுடைய முகம் இருக்கும். அதற்கப்பால், கண்ணாடியை முழுக்க அடைத்துக்கொண்டு, அவர்.

“என்ன கொழுந்தனாரே, சேருதா?”

“சேந்துரும் மதினி.”

“விடிஞ்சதுலேருந்து இதத்தான் சொல்லுதீய. நாளைக்கு எங்க வீட்டுக்காரவுக அண்ணன் ஆளக் கூட்டிக்கிட்டு வாராக, வண்டிய வெல பேச. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவுக வந்து நிக்கும்போது வண்டி எங்க வாசல்ல நிக்கணும். நான் ஓட்டிட்டு வந்து நிப்பாட்டிருக்கணும். பொறவு எவன் வெல கேக்கான்னு பாக்கேன்.”

“ஓட்டிருவியளா?”

“லைசன்ஸ் வாங்கியாச்சுல்லா? ஒம்மள மாதிரி கதவத் தடவிக்கிட்டு நிக்கதுக்கா வாங்குனேன்?”

அவன் சிரித்தான், ஈர்க்கு வாயிலிருந்து விழப் பார்த்தது. அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது பெலவேந்திரத்தை அடக்கம் செய்த பிறகு, உப்பளச் சாலையில், தங்கை மகளின் காரில். அவர் இருந்தவரை அவள் கை ஸ்டீயரிங்கில் பட்டதில்லை. ஒருமுறை மழையில், உள்ளே படிந்த ஆவியைத் துடைக்க அவள் குறுக்கே கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் திரும்ப அவள் மடியில் வைத்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு பொருளை இருந்த இடத்தில் திரும்ப வைப்பதுபோல வைத்தார். “ஒன் எடம் அங்கன” என்றார். பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சந்தியாகு அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஏன் இது இப்போது நினைவுக்கு வருகிறது? சந்து சரியாகாத காரணம் அதில் இல்லை. சந்தைப் பற்றி நினை. மேலே நெருக்கம், கீழே அகலம். சந்து என்றதும் வேறொரு சந்து, இரும்பில் இல்லாதது, மரத்தில் இருந்தது, அவன் நகம் சுற்றிலும் ஓடிப் பார்த்தது, நினைவின் விளிம்புக்கு வந்தது. அதை வரவிடாமல் அவன் குனிந்து ஸ்பானரை எடுத்தான். எடுத்த ஸ்பானர் அளவு தவறு. கீழே வைத்து வேறொன்றை எடுத்தான். பிரைமர் வாடையும் வெயிலில் காயும் உப்புக்காற்றின் வாடையும் சேர்ந்து தொண்டையில் படிந்தன. வெயில்தான் காரணமோ என்று எண்ணினான். வெயில் பட்ட பக்கம் தகடு நீளும். நிழல் வந்தால் சுருங்கும். ஆனால் பட்டறையின் தகரக் கூரைக்குள் சூடு இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் தகித்துக்கொண்டிருந்தது.

எதிர்க்கடையிலிருந்து மீராசா வெற்றிலை மென்றபடி வந்தார். வண்டிக்கு இருக்கை தைத்தவர் அவர். முந்தாநாள்தான் புது நாரும் புது ரெக்சினுமாகத் தைத்துப் பொருத்திவிட்டுப் போயிருந்தார். “என்ன வேய், பொண்ணு பாக்க வந்த மாப்பிள மாதிரி கதவையே பாத்துக்கிட்டு நிக்கீரு? புடிச்சிருக்குன்னா புடிச்சிருக்கு, இல்லைன்னா இல்லன்னு சொல்லிட்டு எறங்கும்” என்றார்.

“நீரு உம்ம சீட்டப் பாரும் பாய்.”

“எஞ் சீட்டுக்கு என்ன கொற? மெத்த மாதிரில்லா இருக்கு. கேட்டுப் பாரும். ஏத்தா கித்தேரி, சொகமா இருக்கா?”

“சொகமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் குழிஞ்சிருக்கே பாய்” என்றாள் கித்தேரி, தலையைத் திருப்பாமல்.

மீராசா வலப்பக்கம் சுற்றிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் மெல்லவில்லை. பிறகு வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, நார் ஈரமாக இருந்திருக்கும், காய்ந்தால் அமுங்குவது உண்டு என்றார். இடப்பக்கம் அமுங்கவில்லையே என்று சந்தியாகு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே மூட்டை நார், ஒரே கையால் திணித்தது. மீராசா கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். கடையில் ஆள் யாரும் இல்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

மாதா கோயிலில் உச்சி மணி அடித்தது. சந்தியாகு ஸ்பானர் பிடித்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டான். கண்ணை மூடி மந்திரத்தை முணுமுணுத்தான். பாதியில் அது பெலவேந்திரத்தின் குரலாகக் கேட்டது. அவர் வண்டியைக் கழற்றக் கொண்டுவந்து விட்ட நாள். இங்கேதான், இதே மரக்கட்டைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சொன்னார்: “லேய் சந்தியாவு, கழத்துறது நீ கழத்து. பூட்டுறதும் நீ பூட்டு. ஆனா நான் வந்து ஒக்காராம ஒரு போல்ட்ட முறுக்கப்படாது. கேட்டியா?” அவன், “சரிண்ணே” என்றான். “சரிண்ணேங்காத. முறுக்க மாட்டேன்னு சொல்லு.” “முறுக்க மாட்டேண்ணே.” அது வழக்கமாக நடக்கிற பேச்சு. பாரம் இல்லாமல் முறுக்கிய வண்டி ஆயுளுக்கும் கதவு சாத்தாது என்பது அவருக்கும் தெரியும். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. சொன்னவர் ஒரு மாதத்தில் வீட்டு முற்றத்தில், நாற்காலியில், உட்கார்ந்தபடியே போய்விட்டார். உட்கார்ந்தபடியே. கித்தேரி காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, ஆறிப்போகும்வரை அவர் தூங்குவதாக நினைத்தாள். அதற்கடுத்ததை நினைக்காதே. ஈர்க்கைச் சந்தில் வை. மேலே வை. அவன் வைத்தான். கீலுக்குச் சற்று மேலே அது நிற்கும், அங்கே விரலைத் தயாராக வைத்துக்கொண்டான். ஈர்க்கு நிற்கவில்லை. அவன் விரலைக் கடந்து, கீலைக் கடந்து, மட்கார்டின் வளைவைக் கடந்து, ஒரே சீராக, எண்ணெய் போட்டதுபோல இறங்கி, கீழே அவன் கையில் வந்து நின்றது.

அவன் மகிழவில்லை. அவன் எதையும் தொடவில்லையே. மணி அடித்தது, கண்ணை மூடினான், திறந்தான், அவ்வளவுதான். ஈர்க்கைத் திரும்ப மேலே கொண்டுபோனான். ஓடியது. இன்னொரு முறை. ஓடியது. மட்கார்டின் மடிப்புக்கோடும் கதவின் மடிப்புக்கோடும் இப்போது ஒரே கோடாக, நூல் பிடித்ததுபோல நின்றன. கித்தேரி இறங்கிவிட்டாளோ என்று பார்த்தான். அவள் இருந்தாள். அவள் இருப்பது இடப்பக்கம். அவள் பாரம் சந்தை நெருக்கத்தான் செய்யும், விடுவிக்காது. அவன் தரையில் சாக்கை விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். அடியில் இருட்டும் கிரீஸ் வாடையுமாக இருந்தது. இடப்பக்க ரப்பர் கட்டைகள் காலையில் பார்த்தபடியே உப்பலாக இருந்தன. வலப்பக்கம் தலையைத் திருப்பினான். அங்கே பின்கட்டை பிதுங்கியிருந்தது. பாரம் ஏறினால் ரப்பர் எப்படி விளிம்பில் உதடுபோலப் பிதுங்குமோ, அப்படி. காலையில் அதற்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைந்தது. இப்போது நகம் நுழையவில்லை. தலைக்குமேல் புதுத் தகடு. அதற்குமேல் மீராசாவின் புது இருக்கை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததன் அடியில் அவன் மல்லாந்து கிடந்தான். பாரம் தன்மேலேயே இறங்கிவிடும் என்ற பயம் நெஞ்சை அழுத்த, வெளியே வர எண்ணினான், முதுகு நகரவில்லை. அப்போதுதான், தடுத்துக்கொள்ளக் கைக்கு ஒரு வேலையும் இல்லாததால், அந்த மற்றொரு சந்து வந்தது. உட்கார்ந்தபடி போனவரின் முழங்கால்கள் நீளவில்லை. எண்ணெய் தேய்த்தார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். சவப்பெட்டி செய்த ஆசாரி அளவு போதுமென்றான். ஆனால் மூடி வைத்தபோது கால்பக்கம் எழும்பி நின்றது. வீட்டுக்குள் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், சாமியார் வந்து காத்துக்கொண்டிருந்தார். யாரோ, சந்தியாகுவைக் கூப்பிடு, சேராததைச் சேர்க்கிறவன் அவன்தான் என்றார்கள். அவன் போனான். மூடியின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தான்; தலைப்பக்கம் நெருக்கம், கால்பக்கம் அகலம். உள்ளங்கையின் அடியை மூடிமேல் வைத்து, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினான். உள்ளே ஏதோ இணங்கியது. சந்து மறைந்தது. ஆசாரியிடம், “எறங்கிருச்சு, முறுக்கு” என்றான். ஆசாரி மூடியின் திருகாணிகளை முறுக்கினான். எல்லோரும் நல்ல வேளை என்றார்கள். அன்றிரவு அவன் கை மட்டும் உறங்கவில்லை. முறுக்க மாட்டேன் என்று சொன்ன வாயாலேயே முறுக்கச் சொன்னான். பெலவேந்திரம் உள்ளே இருக்க, ஒருமுறை முறுக்கியாயிற்று.

“கொழுந்தனாரே, உள்ள தூங்கிட்டியளா?”

அந்தக் குரல் அவன் முதுகை நகர்த்தியது. வெளியே வந்து எழுந்து நின்றான். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

“சேந்துருச்சு மதினி” என்றான்.

“சேந்துருச்சா? பொறவு என்ன, முறுக்கும்!”

முறுக்கலாம். அதுதான் வேலை. சந்து சரியாக நிற்கும்போது முறுக்குவது. அதற்காகத்தான் காலையிலிருந்து பாடுபட்டான். ஸ்பானர் கையில் இருந்தது. ஆனால் முறுக்கினால் எந்தப் பாரத்தோடு முறுக்குகிறோமோ அந்தப் பாரத்துக்கு இந்த இரும்பு கட்டுப்படும். இனி இந்தக் கேபின் நேராக நிற்க வேண்டுமென்றால் வலப்பக்க இருக்கையில் அந்தப் பாரம் எப்போதும் இருக்க வேண்டும். இவள் எங்கே உட்காருவாள்? மாலையில் இவள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், நாளை வாசலில் நிறுத்த வேண்டும், சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நிறைந்திருக்கிற இடத்தில் எப்படி உட்காருவாள்? முறுக்காமல் விட்டால்? வண்டி நகராது. நாளை அண்ணன்காரர் வருவார், கழற்றிய வண்டிதானே என்று வாரிக்கொண்டு போவார். வாக்கைக் காத்தவனாகிவிடுவான் சந்தியாகு. செத்தவருக்குக் கொடுத்த வாக்கை. அவர் சொன்னது என்ன? நான் வந்து உட்காராமல் முறுக்காதே. வந்துவிட்டார். உட்கார்ந்துவிட்டார். வாக்குப்படி இப்போது முறுக்க வேண்டியதுதான். இந்த முடிவு வந்தவுடன், அது தன்னுடைய யோசனையா, வலப்பக்க ஜன்னலிலிருந்து வந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஜன்னலில் அவர் எப்போதும் முழங்கை வைத்திருப்பார். அவருடைய முழங்கை தேய்த்தே அந்த விளிம்பில் சாயம் போயிருந்தது, அவன்தான் சுரண்டிப் புதிதாக அடித்தான். அங்கே பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. அவன் கித்தேரியைப் பார்த்தான். அப்போதுதான், காலையிலிருந்து கண்ணில் பட்டும் மனத்தில் படாத ஒன்றைக் கண்டான். இருக்கை முழுதும் காலியாகக் கிடக்க, அவள் இடப்பக்கக் கதவோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய உடம்பு இருந்தால் எப்படி ஒதுங்கி உட்காருவாளோ, அப்படி. இன்றைக்குத்தானா? விடிந்ததிலிருந்தா? மணமான நாளிலிருந்தா? அவர் வந்ததனால் இவள் ஒதுங்கினாளா, இவள் ஒதுங்கி வைத்த இடத்தில் அவர் வந்தாரா என்று அவன் மனம் சுற்றியது. ஈர்க்குப்போல ஓரிடத்தில் வந்து நின்றது. இவளை ஏன் அங்கே உட்கார வைத்தான்? ஓட்டுகிறவர் உட்கார்ந்த பிறகு முறுக்குவது என்பதல்லவா வழக்கம்? இந்த வண்டியை இனி ஓட்டுகிறவர் யார்? காலையில் அவள் இடப்பக்கம் ஏறியபோது அவன் வாயைத் திறக்கவில்லை. தொழில் தெரிந்தவன், தன் பட்டறை வழக்கத்தையே அவளுக்கு மட்டும் மறந்திருக்கிறான். அவளும் மறந்திருக்கிறாள்.

“மதினி.”

“என்ன?”

“அங்கிட்டு நகந்து ஒக்காருங்க. ஓட்டுத எடத்துல.”

பட்டறைக்கு வெளியே உப்பு லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது; அந்தச் சத்தம் தேயும்வரை அவள் முன்கண்ணாடி இல்லாத முன்சட்டத்தின் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கனயா?”

“அங்கனதான். இனிமே ஓட்டப்போறது நீங்கதான?”

“ஆமா.” அவள் குரல் தாழ்ந்திருந்தது. “ஆனா கொழுந்தனாரே, ஒமக்கு ஒண்ணும் தெரியலையா?”

“தெரியுது மதினி.”

“எப்பருந்து?”

“உச்சி மணியிலருந்து. ஒங்களுக்கு?”

“எனக்கு காலம்பற ஏறுனப்பவே” என்றாள். “நீரு சிரிப்பீருன்னு சொல்லல.”

அவன் சிரிக்கவில்லை. அவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கதவின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஈர்க்கைச் சந்தில் வைத்து இரு விரலால் பிடித்திருந்தான். அவள் மடியிலிருந்த கைகளை எடுத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, காலியாயிருந்த வலப்பக்கம் முகத்தைத் திருப்பி, திருவிழாக் கூட்டத்தில் வழி கேட்கிறவளைப்போல, மரியாதை குறையாமல், ஆனால் வழி கிடைக்காமல் போகமாட்டேன் என்ற தொனியில் சொன்னாள்.

“கொஞ்சம் நகருங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. அவள் காத்திருந்தாள். மறுபடியும் சொன்னாள். “நகருங்கன்னு சொல்லுதேன்லா. இங்கிட்டு வாங்க. இந்தப் பக்கம் நான் ஒக்காந்து பாத்த எடந்தான், ஒண்ணும் கொறஞ்சிராது.” சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள், தாழ்ந்த கூரைக்காகக் குனிந்தபடி, ஒரு கையை டேஷ்போர்டில் ஊன்றி, யாருடைய முழங்காலையோ தாண்டுவதுபோலக் காலை உயர்த்தி வைத்து, குறுக்கே கடந்துபோய் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். உட்கார்ந்தாள். வண்டிக்கு அடியில் ரப்பர் முனகியது. சந்தியாகு கண்ணை மூடவில்லை. கேபின் அவன் பக்கமாக, அவன் நெஞ்சை நோக்கி, மெதுவாகச் சாய்ந்து இறங்கியது. கதவு மட்கார்டை நெருக்கியது. விரல்களுக்கிடையில் இருந்த ஈர்க்கு நடுவில் கவ்வப்பட்டு, வளைந்து, முறிந்தது. இடப்பக்க இருக்கையின் புது ரெக்சினில் ஒரு குழி விழுந்தது. நடுவே சுருக்கம் ஓடி, நின்றது. அவனுக்கும் அதற்கும் நடுவே கதவின் தகடு மட்டும் இருந்தது. அவன் அடித்த பிரைமர், அவன் வளைத்த விளிம்பு. உள்ளங்கையின் அடி அரித்தது. அந்தக் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். எழும்பி நிற்பதை அழுத்தி இறக்கி, முறுக்கு என்று சொல்வது. ஒருமுறை அப்படித்தான் செய்தான். அவன் கையைக் கதவின் கைப்பிடிக்குக் கொண்டுபோனான். விடிந்ததிலிருந்து சாத்தப் பாடுபட்ட கதவை, திறந்தான். அகலத் திறந்தான். திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் இறங்கும்போது நிற்பதுபோல ஓரமாக ஒதுங்கி நின்றான்.

“எறங்குங்கண்ணே” என்றான். “வீடு வந்துட்டு.”

எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்பதை அவன் பிறகு சொல்லவே இல்லை. கித்தேரி திரும்பிப் பார்க்கவில்லை. இரு கைகளும் ஸ்டீயரிங்கில், கண் நேரே. காற்று வரவில்லை. சாக்கின்மேல் காலடி எதுவும் விழவில்லை. ரப்பர் மட்டும், முதலில் ஒரு கட்டை, பிறகு அடுத்தது, நீண்ட நேரம் மூச்சைப் பிடித்திருந்தவன் விடுவதுபோல, உப்பி எழுந்தது. இருக்கையின் குழி ஓரங்களிலிருந்து உள்நோக்கி நிரம்பியது. அவன் கதவைச் சாத்தினான். வேறொரு ஈர்க்கை ஒடித்து, மேலே வைத்து ஓட்டினான். ஓடியது, கீலுக்குச் சற்று மேலே மட்டும் லேசாகச் சிக்கியது. ஒல்லியான பெண்ணின் பாரம் அவ்வளவுதான் இறக்கும். அவன் மறுபடியும் மல்லாந்து உள்ளே போய், இடப்பக்கக் கட்டைக்கு அடியில் ஒரு தகட்டுத் துண்டைச் செருகினான். இந்த முறை தலைக்குமேல் யார் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வெளியே வந்து பார்த்தான். ஈர்க்கு மேலிருந்து கீழ்வரை சிக்காமல் ஓடி அவன் கைக்கு வந்தது.

“அசையாம இருங்க மதினி. முறுக்கப்போறேன்.”

“முறுக்கும்” என்றாள் கித்தேரி. பிறகு, வலது முழங்கையை எடுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

மீராசா சாயபு கதையை இங்கே முடித்தார். மறுநாள் வாசலில் வண்டி நின்றதையும், அண்ணன்காரர் தெருமுனையோடு திரும்பிப் போனதையும் கேட்டபிறகே சொன்னார். முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களிடம் கேட்ட இரு பாடங்களிலும் கதவு திறப்பதும் ‘வீடு வந்துட்டு’ என்ற சொல்லும் மாறாமல் வருகின்றன. வேம்பாரில் அலெக்சம்மாள் சொன்ன பாடம் மட்டும் வேறு. அதில் சந்தியாகு கதவைத் திறந்து வெகுநேரம் நிற்கிறான்; ரப்பர் எழவில்லை. பொழுது சாய்கிறது, கித்தேரி அவசரப்படுத்துகிறாள், அவன் கதவைச் சாத்திவிட்டு அப்படியே முறுக்கிவிடுகிறான். அந்த வண்டியை அவள் இன்றைக்கும் ஓட்டுவதாகவும், இடப்பக்கம் வேறு யாரையும் ஏற்றுவதில்லை என்றும், ஏற்றாமலே அந்தக் கதவு ஈர்க்களவும் பிசகாமல் சாத்துகிறது என்றும் சொல்லி, அலெக்சம்மாள் நிறுத்திக்கொள்கிறார்.